பெரிய கப்பல் இறங்கும் இடங்கள்

அக்காவை எனக்கு மொதல்ல வெறும் குரலாத்தான் தெரியும். அதுவும் என் மானம் போய்க்கிட்டிருந்த நேரத்துல கேட்ட குரல்.

ஆபீஸ் விட்டு வந்து அம்பத்தூர் ஃபிளாட்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல, நெட் வழியா ஊர்ப்பட்ட பேர் சேர்ந்து ஆடற ஒரு விண்வெளி விளையாட்டை மூணு மாசம் விடாம ஆடி, அதுலயே பெரிய சரக்குக் கப்பலை அப்பத்தான் வாங்கியிருந்தேன். வாங்கின கையோட அது வயிறு முட்ட மருந்துப் பெட்டி ஏத்திக்கிட்டு, ஏதோ ஒரு மூலையில சுரங்கத் தொழிலாளிங்க இருக்கிற நிலையத்துக்குக் கெளம்பிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். வாசல்ல நின்னு இறங்க அனுமதி கேட்டா, செவப்பு எழுத்துல பதில் வருது: 'உங்கள் கப்பலுக்கு இங்கே தளம் இல்லை.'

மறுபடி கேட்டேன். அதே செவப்பு. இன்னொரு பக்கமாப் போய்க் கேட்டேன். அதே செவப்பு. வாயில வந்ததையெல்லாம் திட்டிக்கிட்டே அந்த நிலையத்தைச் சுத்திச் சுத்தி வந்தேன். என் மைக் ஆன்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது.

"இன்னா தம்பி, எவ்ளோ நேரமா சுத்திகினே கீற? பிரதட்சணமா?"

பொம்பளைக் குரல். நல்ல ஆவடித் தமிழ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"உள்ள விடமாட்டேங்கறான்க்கா"ன்னேன். அக்கான்னு எப்படி வாயில வந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியல.

"எப்டி விடுவான்? உன் கப்பலு அந்தத் தளத்தவிட நாலு பங்கு பெருசு. சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி எறங்கற எடத்தப் பாத்தியா?"

"பார்க்கல."

"அப்ப யார திட்டுற நீ?"

ஆடாதவங்களுக்குச் சொல்லிடறேன், சமாச்சாரம் ரொம்ப எளிசு. அந்த விளையாட்டுல கப்பல் மூணு அளவு: சின்னது, நடுவாந்தரம், பெருசு. இறங்கற தளமும் அதே மூணு அளவு. பெரிய கப்பல்ல எக்கச்சக்கமா ஏத்தலாம், ஆனா பெரிய தளம் இருக்கிற நிலையத்துல மட்டுந்தான் இறங்க முடியும். பாதிக்குப் பாதி நிலையத்துல அது கிடையாது. எங்கே என்ன தளம்னு விளையாட்டுக்குள்ளயே பட்டியல் போட்டிருப்பான், பார்த்துட்டுக் கெளம்பணும். பெரிய கப்பல் வாங்கின ஜோர்ல எவனும் பார்க்கறதில்ல. பெருசு வாங்கிட்டா எல்லாக் கதவும் தானாத் திறக்கும்னு ஒரு நெனப்பு.

"இரு, வரேன்"னாங்க. பக்கத்து நிலையத்துல தன்னோட பெரிய கப்பலை நிறுத்திட்டு, ஒரு சின்னக் கப்பலை எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான் வெளியே நின்ன இடத்துலயே நின்னு பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விட, அவங்க பொறுக்கிக்கிட்டு உள்ளே போய் இறக்கிட்டு வந்தாங்க. ஒன்பது நடை. அவங்களுக்கு இதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது.

கடைசிப் பெட்டி போனப்புறம், "கப்பல் உள்ள போவலன்னா இன்னா இப்ப? சரக்கு போச்சா இல்லியா?"ன்னு கேட்டாங்க.

"போச்சுக்கா."

"அவ்ளோதான் விசயம். அடுத்த தபா பாத்துட்டு கெளம்பு."

அதுக்கப்புறம் நான் அவங்களை விடல. காலேஜ்ல இருந்தே என் கூட்டாளியான யூசுப்பையும் இழுத்துக்கிட்டு வந்தேன். அவனுக்குப் பூந்தமல்லி, அவங்க அத்தா அங்கே ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரு. மூணு பேரும் சேர்ந்து சாயங்காலத்துல சரக்கு ஓட்டுவோம்.

அக்காகிட்ட ஒரே ஒரு குணம்தான். மத்ததெல்லாம் அதோட கிளை. ஒரு இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி, அங்கே நுழைய முடியுமா, நுழைஞ்சா வெளியே வர முடியுமா, முடியலன்னா மாத்து இடம் எது, இந்த மூணும் தெரியாம ஒரு அடி நகரமாட்டாங்க. யூசுப் சும்மா இருக்கமாட்டான். யாரும் எட்டிக்கூடப் பார்க்காத நிலையத்துப் பேராத் தேடிப் பிடிச்சு, "அக்கா, இது?"ம்பான்.

"நடுவாந்தரம். அதுவும் ரெண்டே தளம். எவனாச்சும் நின்னுகினு கீறான்னா நீ வெளிய காத்துகினு கெடக்கணும். பக்கத்துல இன்னொன்னு கீது, அங்க போயிடு."

பார்த்தா அப்படியே இருக்கும். "மச்சான், இவங்க மண்டையா, கம்ப்யூட்டரா?"ம்பான் யூசுப். எதுக்குக்கா மனப்பாடம் பண்றீங்க, அதான் பட்டியல் போட்டிருக்கானேன்னு நான் ஒரு தடவை கேட்டேன். "போட்டிருப்பான். சரியா போட்டிருக்கானான்னு போய் பாத்தவளுக்குத்தான்டா தெரியும்"னாங்க.

ஒருநாள் தன்னோட திரையை எங்களுக்குக் காட்டினாங்க. பெரிய நிலையம்ங்கறது ஒரு பிரம்மாண்டமான பீப்பாய், தன்னைத்தானே சுத்திக்கிட்டே இருக்கும். முகப்புல உண்டியல் வாய் மாதிரி ஒரு பிளவு. கப்பல் அது வழியாத்தான் உள்ளே போகணும். பெரிய கப்பலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஆள் நிக்கற இடம்கூட மிஞ்சாது. அனுமதி கொடுத்த பத்து நிமிஷத்துக்குள்ள இறங்கணும், இல்லன்னா அந்த நிலையத்துக்காரனே சுட்டுடுவான். நாங்கெல்லாம் கப்பலைத் தானியங்கிகிட்ட விட்டுட்டு டீ போடப் போயிடுவோம். அக்கா கையாலதான் இறக்குவாங்க. கப்பலையும் நிலையத்தோட சேர்த்து மெதுவாச் சுத்த விட்டாங்க. ரெண்டு சுத்தும் ஒண்ணா ஆகற வரைக்கும் அவசரமே படல. ஆனதும், பார்க்கறவனுக்கு அந்த நிலையமே நின்னுட்ட மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் ஒரே நேர்கோடு. எங்கேயும் ஒரு உரசல் இல்ல.

யூசுப் அடக்கி வெச்சிருந்த மூச்சை விடற சத்தம் எனக்கு ஹெட்போன்ல கேட்டுச்சு. விளையாட்டுதான், தெரியும். ஆனா ஒரு வேலையை இவ்வளவு சுத்தமா ஒருத்தர் செஞ்சு அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்ல. என் மேனேஜர்ல ஆரம்பிச்சு எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் அரைகுறை. நானும் சேர்த்துத்தான்.

"வேகமா போனா பெரிய ஆளுன்னு நெனச்சுகினு கீறீங்க. பெருச ஓட்டறவனுக்கு வேகம் வோணாம்டா, நிதானம் வோணும்"னாங்க அக்கா. சொல்லிட்டு ஒரு தும்மல் போட்டாங்க.

ஆறு மாசம் கழிச்சு, நேர்ல பார்க்கலாம்னு நான்தான் ஆரம்பிச்சேன். ஆவடியில ஒரு பிரியாணிக் கடை. அக்கா கேட்ட மொதல் கேள்வி, "எத்தினி படி?"

"என்னக்கா?"

"கடைக்கு எத்தினி படி ஏறணும்? வாசக்கதவு எவ்ளோ அகலம்?"

"அக்கா, சாப்பிடப் போறோமா, கப்பல் இறக்கப் போறோமா?"

சிரிச்சாங்க. என்னைவிட சத்தமாச் சிரிச்சாங்க. "சொல்டா."

"ஒண்ணு ரெண்டு படிதான் இருக்கும், வாங்கக்கா"ன்னேன். பார்க்காமதான் சொன்னேன்.

கடை வாசல்ல நானும் யூசுப்பும் நிக்கறோம். ரோட்டோரமா, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவுல, பேட்டரியில ஓடற சக்கர நாற்காலியில ஒருத்தங்க வந்துக்கிட்டிருந்தாங்க. முப்பத்தெட்டு, நாப்பது வயசு இருக்கும். நீலச் சுடிதார், தலையில மல்லிப்பூ, மடியில ஒரு துணிப்பை. நேரா எங்க முன்னாடி வந்து நிறுத்தி, "உங்கள்ல எவன்டா சுத்திகினு கெடந்தவன்?"ன்னு கேட்டாங்க.

கடைக்கு மூணு படி. ஒவ்வொண்ணும் நல்ல உசரம். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கலாம் போல இருந்துச்சு. யூசுப் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு, "நாங்க தூக்கிடறோம்க்கா"ன்னு முன்னாடி போனான்.

"தொடாத"ன்னாங்க. கோவமா இல்ல, சாதாரணமாத்தான். "ஒரு தபா நாலு பேரு தூக்கனாங்க. மூணு பேரு நல்லாத்தான் தூக்கனாங்க." தோள்பட்டையில எலும்பு கோணலா ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாங்க. "வண்டி மட்டும் எழுவது கிலோ. அது மேல நானு. ஏத்தறது கூட ஏத்திடுவீங்க. ஏத்தனவன் எறக்கறதுக்கு நிக்க மாட்டான்."

பார்சல் வாங்கி, பக்கத்துல மூடியிருந்த ஒரு கடை ஷட்டர் முன்னாடி வெச்சு மூணு பேரும் சாப்பிட்டோம். நான் சோத்தைக் கிளறிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அக்கா கவனிச்சிட்டாங்க.

"நீ இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? மூணு படின்னு சொல்லியிருந்தா நானே வேற கடை சொல்லியிருப்பேன். ஒண்ணு ரெண்டுன்னு சொன்ன பாரு, அதான் தப்பு. ஒண்ணுன்னா பலகை போட்டு ஏறிடுவேன். ரெண்டுன்னா ஏற மாட்டேன். ஒண்ணு வேற, ரெண்டு வேற. அந்த லெக் பீஸ இப்டி தள்ளு."

நான் ஒரு மடத்தனமும் பண்ணினேன், அதையும் சொல்லிடறேன். அன்னிக்கு சாயங்காலம் உருகிப் போய், "அக்கா, நீங்களும் அந்தப் பெரிய கப்பல் மாதிரிதான்க்கா"ன்னு சொல்லிட்டேன். ஏதோ பெரிய தத்துவத்தைக் கண்டுபிடிச்சிட்ட மாதிரி. வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

"அந்தக் கப்பல நான் ஆசப்பட்டு வாங்கனேன். வோணாம்னா நாளைக்கே வித்துட்டு சின்னது வாங்கிடுவேன். இந்த நாக்காலிய ஆசப்பட்டா வாங்கனேன்? ஆறு வயசுல ஜொரம் வந்துச்சு, காலு போச்சு, அவ்ளோதான். கப்பல் வேற, நான் வேற. உன் உவமைய எல்லாம் ஆபீஸ்ல வெச்சுக்க."

ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள், "சரக்கு கீது, வரியா?"ன்னாங்க. நாய்க்குட்டி மாதிரி ஓடினேன்.

அந்தத் துணிப்பையில எப்பவும் ஒரு அளவு டேப் இருக்கும். வாரத்துல ஒருநாள் அக்கா 'இடம் பார்க்க'க் கெளம்புவாங்க. பக்கத்துல இருந்தா தானே நாற்காலியில போவாங்க. தூரமா இருந்தா, யூசுப் கடையில சாமான் ஏத்தற குட்டி யானை வண்டியில பலகை போட்டு ஏத்திக்கிட்டுப் போவோம். பேங்க்ல ஜெனரேட்டர் கொண்டு போற பின்வழி, ரேஷன் கடையில அரிசி மூட்டை இறக்கற சரிவு, மாங்காடு கோயில்ல எந்தக் கிழமை கூட்டம் கம்மி, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. குத்தம்பாக்கத்துல புது பஸ் ஸ்டாண்ட் வருதுன்னு கேள்விப்பட்டதும், அதைப் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வரணும்னு ஒரு ஞாயித்துக்கிழமையைச் செலவழிச்சவங்க உலகத்துலயே எங்க அக்கா ஒருத்தங்கதான்.

"ஆளுக்குன்னு சரிவு போட யாருக்கும் தோணாது. மூட்டைக்கும் பீரோவுக்கும் கண்டிப்பா போட்டிருப்பான். அது எங்க கீதுன்னு கண்டுபுடிச்சுகினா போதும்"பாங்க. கேட்கறப்ப எனக்கு ஆத்திரமா வரும். அவங்களுக்கு அது ஒரு துப்பு, அவ்ளோதான்.

அக்கா வீட்ல அவங்களும் அவங்க அம்மாவும் மட்டும்தான். ஒரு கம்பெனிக்கு வீட்டுலேர்ந்தே டைப் அடிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. ஆனா மனசு பூரா அரசாங்க வேலைத் தேர்வுல. பல வருஷமா எழுதறாங்க. ரெண்டு தடவை மயிரிழையில போயிருக்கு. அந்த வருஷம் எழுதறதுதான் கடைசி, சலுகையெல்லாம் சேர்த்தும் அதோட வயசு தாண்டிடும்.

"சம்பளம் இப்பயும்தான்க்கா வருது"ன்னு யூசுப் ஒருநாள் சொன்னான், ஆறுதலுக்கு.

"சம்பளத்துக்கில்லடா. தெனம் காலைல தல சீவிகினு ஊட்ட விட்டு கெளம்பணும். ஒரு எடத்துக்குப் போயி, வந்துட்டேன்னு கையெழுத்து போடணும். ஒருநாளு நான் போவலன்னா, இன்னா இன்னும் காணோமேன்னு அங்க யாராச்சும் கேக்கணும்."

அவங்க குரல்ல அழுகை எதுவும் இல்ல. மளிகை லிஸ்ட் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. எனக்குத்தான் தாங்கல.

தேர்வு மையம் நெமிலிச்சேரி பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தரைத்தளத்துல இடம் வேணும்னு முன்னாடியே எழுதிக் கொடுத்து, மூணாம் நம்பர் ரூம், கீழேதான்னு பதிலும் வந்துடுச்சு. வேற யாரா இருந்தாலும் நிம்மதியாத் தூங்கியிருப்பாங்க. அக்கா முந்தின நாளே போகணும்னாங்க. போனோம். மூணாம் நம்பர் ரூம் வாசப்படியை டேப் வெச்சு அளந்தாங்க. சரி. பாத்ரூம் கதவை அளந்தாங்க. சரி. அதோட விடல. பள்ளிக்கூடம் பூரா ஒரு சுத்து. வாட்ச்மேன் பின்னாடியே வந்து, "இன்னாம்மா, ஸ்கூல வாங்கப் போறியா?"ன்னு கேட்டாரு.

"இல்ல அண்ணாத்தே, ஒருநாளு வாடகைக்கு"ன்னாங்க அக்கா.

அன்னிக்கு ராத்திரி கொட்டோ கொட்டுன்னு மழை.

காலையில ஒன்பதரைக்குப் போய் நிக்கறோம். பத்து மணிக்குத் தேர்வு. மூணாம் நம்பர் ரூம்ல கணுக்கால் வரைக்கும் தண்ணி, ஒரு பிளாஸ்டிக் டப்பா மிதக்குது. தரைத்தளம் பூரா அப்படித்தான். எல்லாரையும் மாடிக்கு மாத்தியாச்சு. பதினெட்டுப் படி. ஜனம் எங்களைத் தாண்டி திமுதிமுன்னு ஏறிக்கிட்டிருக்கு.

மையத்துக்குப் பொறுப்பான அதிகாரி வந்தாரு. பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சு விட்டிருந்தாரு, விடியற்காலையிலேர்ந்து தண்ணி இறைச்சிருக்காரு போல. கெட்ட மனுஷன் இல்ல. "ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா, நாலு பசங்களைக் கூப்பிடறேன், தூக்கிட்டுப் போயிடுவாங்க"ன்னாரு.

"வோணாம் சார்."

"டைம் ஆகுதும்மா."

"மேல ஏத்திடுவீங்க சார். பாத்ரூம் கீழ கீது, நான் மேல கீறேன். முடிஞ்சதும் ஆளாளுக்குக் கெளம்பிடுவாங்க. நான் யார கூப்புடுவேன்?"

நான் குனிஞ்சு அவங்க காதுகிட்ட, "அக்கா, இந்த ஒரு தடவை. நானும் யூசுப்பும் எங்கேயும் நகரமாட்டோம், இங்கேயே நிக்கறோம். இது கடைசிக்கா. ஏறலன்னா எல்லாம் போச்சு"ன்னு கெஞ்சினேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "நீ நிப்ப, தெரியும்டா. ஆனா நானா எறங்க முடியாத எடத்துல நான் ஏற மாட்டேன். கடைசியா இருந்தாலும் சரி."

அந்த நிமிஷம் எனக்கு அவங்க மேல கோவம் வந்துச்சு, மறைக்கல. இவ்வளவு பிடிவாதமான்னு தோணுச்சு.

அக்கா அதிகாரி பக்கம் திரும்பினாங்க. "சார், நான் மேல வர முடியாது. பேப்பரு கீழ வரலாம் இல்ல?"

"கேள்வித்தாள் ஹாலை விட்டு வெளியே வரக்கூடாதும்மா. ரூல்."

"ஹாலயே கீழ கொண்டாந்துடுங்க. ஆபீஸுக்குப் பின்னால, பசங்களுக்குக் குடுக்கற இலவச சைக்கிள் வெக்கற ரூம் கீது. அந்தத் தரை ஒரு முழம் உசரம், தண்ணி ஏறியிருக்காது. சைக்கிள தள்ளிகினு போவறதுக்கு சரிவு போட்டிருக்காங்க, என் வண்டி ஏறும், அளந்துட்டேன். சைக்கிளெல்லாம் குடுத்துட்டாங்க, ரூமு காலி. மூணு டியூப்லைட்டும் எரியுது. நேத்து போட்டுப் பாத்தேன்."

அதிகாரி வாட்ச்மேனைப் பார்த்தாரு. வாட்ச்மேன், "ஆமா சார், அல்லாம் கரீட்டா கீது"ன்னாரு.

"அது தேர்வு ஹால் லிஸ்ட்ல இல்லம்மா..."

"சார்." அக்கா குரல் கொஞ்சம் ஏறுச்சு. அவ்வளவு கும்பல்ல நாலு பேரு நின்னு திரும்பிப் பார்த்தாங்க. "கோயிலுக்குள்ள வர முடியாதவங்களுக்காக சாமியே தேர்ல ஏறி தெருவுக்கு வருது. உங்க பேப்பரு பதினெட்டுப் படி எறங்கக் கூடாதா?"

அதிகாரி மடிச்ச பேன்ட்டோட அப்படியே நின்னாரு. அப்புறம் போனை எடுத்துக்கிட்டு ஓரமாப் போனாரு. யார் யாருக்கோ பேசினாரு. கிடைக்கல. மறுபடி போட்டாரு. மணி ஒன்பதே முக்கால், ஒன்பது அம்பது, அம்பத்தஞ்சு. அக்கா வாட்சைப் பார்க்கவே இல்ல. பேனா எழுதுதான்னு ஹால் டிக்கெட் ஓரத்துல ஒரு கோடு போட்டுப் பார்த்தாங்க. மேலே மணி அடிச்சப்பத்தான் அதிகாரி வந்தாரு.

"ஒரு மேசையை அந்த ரூமுக்குக் கொண்டு போங்கப்பா."

அப்பத்தான் மாடிப்படி பாதியில, திரும்பற இடத்துல, ஒரு பொண்ணு சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருக்கறதை நான் பார்த்தேன். நிறைமாசம். முகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. ஏற முடியாம அங்கேயே உட்கார்ந்துட்டிருக்கா. கையை ஊனி எழுந்து, "சார், எனக்கும் கீழயே போடுவீங்களா?"ன்னு கேட்டா. கேட்கலாம்னே அது வரைக்கும் அவளுக்குத் தெரியல.

அவளுக்குப் பின்னாடி, கால்ல மாவுக்கட்டு போட்ட ஒரு தம்பி. முட்டி வீங்கின ஒரு அம்மா. இன்னும் ரெண்டு பேரு. எங்கேருந்துதான் வந்தாங்களோ.

"ஒருத்தருக்குத்தாம்மா பர்மிஷன் வாங்கியிருக்கேன்"னு அதிகாரி தலையில கை வெச்சாரு.

"ரூமு ஒண்ணுதான சார்? உள்ள எத்தினி மேசன்னு அவங்க கேட்டாங்களா?"ன்னாங்க அக்கா.

அவரு சிரிச்சிட்டாரு. நானும் யூசுப்பும் வாட்ச்மேனும் ஆறு மேசை தூக்கினோம். அக்கா எங்களுக்கு முன்னாடி அந்தச் சரிவுல தானே ஏறி உள்ளே போனாங்க. மேசை போட்டு, நம்பர் ஒட்டி, தாள் வந்து சேர்றதுக்கு மணி பத்து இருபத்தஞ்சு. மேலே எல்லாரும் பத்துக்கு ஆரம்பிச்சிட்டாங்க. அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தை யாரும் திருப்பிக் கொடுக்கல.

கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். தரை பூரா சைக்கிள் டயர் தடம். அதுக்கு மேல ஆறு பேரு குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்காங்க. அரை மணி நேரத்துக்கு முன்னாடி அப்படி ஒரு ஹாலே கிடையாது. நம்ம கூடப் பேசற, தும்மற, லெக் பீஸைத் தள்ளச் சொல்ற ஒரு மனுஷி அதை உண்டாக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் முன்னாடி அவங்க மேல கோவப்பட்டதை நெனச்சு எனக்கு வெக்கமாப் போச்சு.

முடிவு வந்த அன்னிக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன். மத்தியானம் அக்கா போன் பண்ணாங்க.

"லிஸ்ட்ல வந்துட்டாங்கடா! நம்ம ரூம்ல ரெண்டு பேரு!"

ஆறு மேசையில ஒட்டியிருந்த ஆறு நம்பரும் அக்காவுக்கு மனப்பாடம். ஒவ்வொண்ணாத் தேடியிருக்காங்க. "அந்த மாவுக்கட்டு தம்பி ஒண்ணு. அப்பறம் அந்தப் பொண்ணு, மாசமா இருந்தா பாரு, அவ. நல்ல மார்க்குடா!"

"அக்கா, உங்க நம்பர்?"

"மொதல்ல அதத்தான் பாத்தேன். இல்ல."

எனக்கு வாய் நிக்கல. அந்த இருபத்தஞ்சு நிமிஷம், அந்த மழை, அந்த ஆளு, அந்த ரூலுன்னு கத்த ஆரம்பிச்சேன். பக்கத்து சீட்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

"அத சொல்லாத"ன்னாங்க. "அவளுக்கும் அதே இருவத்தஞ்சு நிமிசம்தான் போச்சு. வயித்துல புள்ளையோட எழுதியிருக்கா. நான் கணக்குல சொதப்பினேன். உள்ளதச் சொல்லணும்."

அப்புறம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். கட்டாகல. அக்கா அழுதுக்கிட்டிருந்தாங்க. அவ்வளவு நாள் பழக்கத்துல அதுதான் மொதல் தடவை. நானும் அழுதேன், ஆபீஸ்னு பார்க்கல.

"சந்தோசமும் கீதுடா"ன்னாங்க ஒரு வழியா. "ரெண்டும் ஒண்ணா வருது, எது எதுன்னு தெரியல. அவ இனிமே தெனம் ஒரு எடத்துக்குப் போவா இல்ல?"

"போவாங்கக்கா."

"கொழந்த பொறந்திருக்கும் இந்நேரம். அவ நம்பர கவனிச்சேன், அவ பேர கேக்கல பாரு. நானும் ஒரு லூசு." மூக்கை உறிஞ்சினாங்க. "அவ பேரு தெரிஞ்சா சொல்றியா?"

சொல்றேன்க்கான்னேன்.

அடுத்த வருஷம் அக்கா, அவங்க அம்மாவோட ஓசூர் பக்கம் அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க. அங்கேயும் வாரத்துக்கு ஒருநாள் டேப்பைத் தூக்கிக்கிட்டு இடம் பார்க்கக் கெளம்பறாங்களாம்.

நான் இப்பல்லாம் எந்த அரசாங்க ஆபீஸுக்குப் போனாலும், சான்றிதழோ, வரியோ, எதுவா இருந்தாலும், கவுன்டர்ல அந்த மாசமா இருந்த பொண்ணு வயசுல யாராவது இருந்தா, முகம் சரியா ஞாபகம் இல்லாததால, வேலை முடிஞ்சதும் கேட்டுடறேன்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க பரீட்சை எழுதினது சைக்கிள் ரூம்லயா?" ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க. ஒருத்தங்க பியூனைக் கூப்பிட்டுட்டாங்க. யூசுப், "மச்சான், உதை வாங்காம நீ அடங்க மாட்ட"ங்கறான். இது வரைக்கும் பதினோரு பேர்கிட்ட கேட்டாச்சு, யாரும் இல்ல. ஆனா நிறுத்தமாட்டேன். அக்கா என்கிட்ட வேணும்னு கேட்டது அந்த ஒரு பேரை மட்டும்தான்.